பிரிண்ட் வாங்கும் முன் ஒரு லென்ஸ் வாங்குங்கள்

லோதி காலனியில் எங்கள் அரசுக் குடியிருப்பின் பக்கச் சுவரில் படம் வரையச் சாரம் கட்டியபோது அம்மாவுக்குச் சம்மதமில்லை. "சுவர் என்றால் வெள்ளையடிப்பார்கள். இது என்ன திருவிழாத் தட்டியா?" என்றார். 2016-ஆம் ஆண்டின் தொடக்கம். தில்லிக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. மூன்றாம் நாள் அதே அம்மா, சாரத்தில் நின்ற வெளிநாட்டு இளைஞருக்கு டபரா டம்ளரில் ஃபில்டர் காபி கொடுத்தனுப்பினார். டம்ளரை விளிம்பில் பிடிக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்ட அவர், வண்ணம் படிந்த கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு குடித்து முடித்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. காபி நன்றாக இருந்ததாகக் கட்டைவிரலைக் காட்டினாராம், அது போதும்.

இந்தச் சுவர்களையெல்லாம் ஏற்பாடு செய்தவர்கள் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையினர். 2014-இல் தில்லியில் வேலையைத் தொடங்கி, அந்த ஆண்டே ஐ.டி.ஓ. பக்கம் இருந்த பழைய காவல்துறைத் தலைமையகச் சுவரில் காந்தியின் மாபெரும் உருவம் எழக் காரணமானவர்கள். அதை வரைந்தவர்கள் ஜெர்மனியின் ஹென்ட்ரிக் பைக்கிர்ச்சும் நம் நாட்டின் அன்பு வர்க்கியும். இன்று லோதி காலனியில் கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடையே நடந்தால் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவர்கள் கண்ணில் படும். நம் சென்னையின் கண்ணகி நகருக்கும் 2020-இல் வண்ணம் வந்தது அவர்கள் வழியாகத்தான்.

சுவரோவியத்துக்கு ஆயுள் குறைவு. எங்கள் சுவரில் மூன்றாவது மழைக்காலத்தில் உவர் பூத்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு யாரோ ஏ.சி. குழாய்க்காக ஓவியத்தின் நெற்றியிலேயே துளை போட்டார்கள். அந்த வருத்தத்தில்தான் பிரிண்ட் சேகரிக்க ஆரம்பித்தேன். இதுவரை இருபத்தேழு சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நான்கு என் முட்டாள்தனத்தின் ரசீதுகள். நீங்கள் அந்த நான்கையும் வாங்காமல் இருப்பதற்காக இதை எழுதுகிறேன். வாங்கி விற்று லாபம் பார்ப்பது எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒன்றைக்கூட நான் விற்றதில்லை.

எதைப் பிரிண்ட் என்கிறோம்

சுவரில் இருக்கும் படத்தைப் போட்டோ எடுத்து அச்சடித்தால் பிரிண்ட் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது போஸ்டர். சேகரிப்பவர்கள் தேடுவது, காகிதத்தில் அச்சாக வேண்டும் என்றே ஓவியர் உருவாக்கி, இத்தனை பிரதிதான் என்று வரையறுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்திட்ட ஒன்றை. சுவரோவியர்களிடம் இதில் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்ட்தான் கிடைக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1981-இல் பாரிஸ் சுவர்களில் எலி எலியாக அடித்த பிளெக் லெ ரா தொடங்கி, அட்டையை வெட்டி அதன் வழியாகப் பெயின்ட் தெளிப்பது தெரு ஓவியர்களின் பழைய வழி. ஸ்கிரீன் பிரிண்ட்டும் அதே அட்டைவெட்டின் தம்பிதான்.

ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்க அரை நிமிடம் போதும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. படத்துக்கு வேண்டாத இடமெல்லாம் அடைபட்டிருக்கும். மேலே மையை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த ஸ்க்வீஜியால் ஓர் இழுப்பு. திறந்த கண்கள் வழியே மட்டும் மை இறங்கும். மஞ்சளுக்கு ஒரு சட்டம், சிவப்புக்கு ஒரு சட்டம். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. ஏழு வண்ணப் படம், நூறு பிரதி என்றால் எழுநூறு இழுப்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் விலையைக் கேட்டு மயக்கம் வராது.

இன்னொரு வகை ஜிக்ளே. அமெரிக்காவில் ஜாக் டுகான் என்ற அச்சுக்கலைஞர் 1991-இல் வைத்த பெயர். எளிமையாகச் சொன்னால் நல்ல இங்க்ஜெட். உயர்தர நிறமி மையும் பருத்திக் காகிதமும் சேர்ந்தால் அதுவும் பல காலம் நிற்கும். என்னிடம் ஐந்து இருக்கின்றன; எல்லாவற்றையும் தெரிந்தே வாங்கினேன். ஆறாவது ஒன்று உண்டு. அது ஸ்கிரீன் பிரிண்ட் என்று சொல்லி என் தலையில் கட்டப்பட்டது.

சாவ்ரி பஜாரில் ஒரு பாடம்

அந்த ஆறாவதைத் தெற்கு தில்லியில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக மாட்டியிருந்தார். அடியில் பென்சில் எண், கையெழுத்து, பின்னால் ஒட்டிய சான்றிதழ். பதினான்காயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, பொன்னைத் தூக்கி வருவதுபோல் மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சில மாதம் கழித்து, அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கச் சாவ்ரி பஜார் போனேன். பழைய தில்லியில் காகிதத்துக்கும் கல்யாண அட்டைக்கும் அந்தத் தெருதான். நாற்பது வருடமாக ஸ்கிரீன் இழுத்து வலது தோள் சற்றே இறங்கிப்போன ஒரு பெரியவரோடு பேச்சு வளர்ந்தது. என் பிரிண்ட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். கொண்டுவரச் சொன்னார். அடுத்த வாரம், சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸை எடுத்தார். பத்து நொடிகூட ஆகவில்லை. "மை மேலே உட்காரவே இல்லையே. காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. இது மெஷின் தெளித்தது" என்றார். லென்ஸை என்னிடம் நீட்டினார். நான் கறுப்பு என்று நம்பிய கோட்டில் நீலம், செந்நீலம், மஞ்சள் பொடிப்புள்ளிகள் ரவையைக் கொட்டியது போல் சிதறிக் கிடந்தன.

பிறகு தன் கடையில் அடித்த ஓர் அட்டையை அதே லென்ஸின் கீழ் வைத்தார். சிவப்பு ஒரே பாளமாக இருந்தது. அதன் ஓரம் வயலின் வரப்பைப் போல மெல்லிசாக எழும்பியிருந்தது. தங்க வண்ணம் சிவப்பின்மேல் ஏறிய இடத்தில், அடியில் சிவப்பு ஓர் இழை எட்டிப்பார்த்தது. அந்த எட்டிப்பார்த்தலைத் தேடுங்கள். வண்ணங்கள் தனித்தனியாக இறங்கின என்பதற்கு அதுவே சாட்சி.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வாங்கி, வீட்டிலுள்ள பத்திரிகை அட்டை, காலண்டர், கல்யாண அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஒரு வாரம் பாருங்கள். பத்திரிகைகள் அச்சாகும் ஆஃப்செட் முறையில் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாக அமைந்திருக்கும். இங்க்ஜெட்டில் ஒழுங்கில்லாமல் தூவினாற்போல் இருக்கும். ஸ்கிரீன் பிரிண்ட்டிலும் சில ஓவியர்கள் வேண்டுமென்றே புள்ளி வைப்பார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரே மையின் திடமான பொட்டு. புள்ளியைப் பார்த்தவுடன் போலி என்று பாய்ந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிப் பாய்ந்து, ஓர் இளம் ஓவியரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

கண்ணாடிக்குள் இருக்கும் பிரிண்ட்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்குகிறவருக்கு அந்த உரிமை உண்டு. ஒக்லா என்.எஸ்.ஐ.சி. மைதானத்தில் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேரில் கூட்டத்தின் நடுவிலும் நான் கேட்டிருக்கிறேன். அக்கறையுள்ள கேலரிக்காரர்கள் முகம் சுளித்ததில்லை. வெளியே எடுத்தால் காகிதத்தின் நான்கு ஓரமும் தெரியும். அளவெடுங்கள். சான்றிதழில் உள்ளதைவிட அரை அங்குலம் குறைந்தால், சேதமான விளிம்பை யாரோ நறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு கிடைத்தால் அதையும் காட்டலாம். வெளுப்பூட்டிய சாதாரணக் காகிதம் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். நல்ல பருத்திக் காகிதம் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அதையே தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள், சில நல்ல தாள்களும் ஒளிரும். அதே ஓவியரின் இன்னொரு பிரதியோடு ஒப்பிட மட்டும் உதவும்.

எண்களைப் படிப்பது

இடது கீழ் மூலையில் 12/75 என்று பென்சிலில் இருந்தால், மொத்தம் எழுபத்தைந்து, இது பன்னிரண்டாவது. பன்னிரண்டாவதாக அச்சானது என்று அர்த்தமில்லை. காயவைக்கும் தட்டில் தாள்கள் முன்பின்னாகிவிடும், கடைசியில் ஒரே அடுக்காக வைத்து எண்ணிடுவார்கள். "சின்ன எண், ஆகவே கூடுதல் விலை" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும் முறையில் தகடு தேயத் தேயக் கோடு மங்கும். அங்கே முதல் பிரதிகளுக்கு மவுசு நியாயம். ஸ்கிரீன் பிரிண்ட்டில் மூன்றுக்கும் எழுபத்துமூன்றுக்கும் ஒரு வேறுபாடும் கிடையாது.

எண்ணுக்குப் பதில் ஏ.பி. என்று இருந்தால் ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்டது. பொதுவாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. பி.பி. அச்சகத்தாருக்கு, எச்.சி. விற்பனைக்கல்லாமல் காட்சிக்கு. இவையும் பிற்பாடு சந்தைக்கு வந்துவிடும் என்பதால், "எழுபத்தைந்துதானா, ஏ.பி. எத்தனை, வேறு வண்ணத்தில் இன்னொரு பதிப்பு இருக்கிறதா?" என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். நீலப் பதிப்பு 75, சிவப்புப் பதிப்பு 75, தங்க மை பதிப்பு 25 என்று விரித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. சட்டப்படி தவறில்லை, ஆனால் எனக்குச் சலிப்பு. ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்து, வந்த ஆர்டர் எத்தனையோ அத்தனை அச்சிடும் முறையும் இருக்கிறது. அதில் எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாது. படம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அரிது என்று நினைத்து வாங்காதீர்கள்.

கையெழுத்து ஏன் பென்சிலில் என்று கேட்பார்கள். பென்சில் வெளுக்காது, காகிதத்தில் லேசான பள்ளம் விடும், சாய்த்துப் பார்த்தால் கிராஃபைட் மினுங்கும். அச்சடித்த கையெழுத்துக்கு இந்த மூன்றும் வராது. மூலையில் மையில்லாத புடைப்பு முத்திரை இருந்தால் அது அச்சுப் பட்டறையின் அடையாளம். நோட்டரி அலுவலகத்தில் அமுக்கித் தருவார்களே, அதுபோல. விரலால் தடவாதீர்கள், வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

சான்றிதழ் என்னும் மாயை

பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் 'கேர்ள் வித் பலூன்' பிரிண்ட் 2004-இல் வந்தபோது கையெழுத்திட்டவை 150, கையெழுத்தில்லாதவை 600. கையெழுத்தில்லாததும் அசல்தான். சேகரிக்க வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. அசல் எது என்று சொல்ல 2008-இல் பேங்க்ஸி தரப்பே ஓர் அமைப்பை வைத்தது. பெயர் பெஸ்ட் கன்ட்ரோல். நம் ஊரில் அந்தப் பெயரில் கரையானுக்கு மருந்தடிக்க வருவார்கள். அவர்கள் தரும் சான்றிதழில், அரசியின் முகத்துக்குப் பதில் டயானாவின் முகம் போட்ட பொய்ப் பத்துப் பவுண்டு நோட்டின் பாதி இணைக்கப்பட்டிருக்கும். மறுபாதி அவர்களிடம். கிழிந்த விளிம்பும் எண்ணும் பொருந்த வேண்டும். தெருவில் வரைந்தவற்றுக்கு அவர்கள் சான்றிதழ் தருவதில்லை. ஆகவே "சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பேங்க்ஸி" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதிலே போடாதீர்கள். 2018-இல் சாத்பிஸ் ஏலத்தில் சுத்தியல் விழுந்ததும் சட்டத்துக்குள்ளேயே பாதி நறுக்குண்டு, 2021-இல் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது இதே பலூன் படத்தின் ஒரு கேன்வாஸ். அந்த விலையைக் காட்டி உங்களிடம் பிரிண்ட் விற்க வருவார்கள்.

நம் நாட்டு ஓவியர்களுக்கு இப்படிப்பட்ட அலுவலகம் கிடையாது. ஆகவே சான்றிதழை யார் கொடுத்தார் என்று பாருங்கள். ஓவியரோ, அச்சிட்ட பட்டறையோ, வெளியிட்ட கேலரியோ தந்திருந்தால் சரி. நடுவில் நிற்பவர் தன் வீட்டுப் பிரிண்டரில் அடித்துக்கொடுத்த தாளை, என் பதினான்காயிரம் ரூபாய் அனுபவத்தில், மளிகைக் கணக்கு எழுதப் பயன்படுத்தலாம். தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, காகிதத்தின் பெயர், தாளளவு, மொத்த எண்ணிக்கை, ஏ.பி. எண்ணிக்கை இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். அச்சு முறை எழுதாத சான்றிதழை நான் இப்போது தொடுவதே இல்லை.

முகம் காட்டாத ஓவியர் என்றால் சிக்கல் கூடுகிறது. தில்லியில் டாக்கு இருக்கிறார். கொள்ளைக்காரன் என்று பொருள்படும் அந்தப் பெயரையே தேவநாகரியில் சுவர்களில் எழுதிப் புகழ்பெற்றவர். லோதி காலனியில் அவர் சுவரிலிருந்து நீட்டி நிற்கும்படி எழுத்துகளைப் பதித்து, வெயில் நகர நகர நிழலில் சொற்கள் தோன்றி மறையும்படி செய்த வேலையின் முன்னால் நான் மதிய உணவு நேரங்களைக் கழித்திருக்கிறேன். இப்படிப்பட்டவர்களிடம் போய் "இது உங்களுடையதுதானா?" என்று நேரில் கேட்க முடியாது. வெளியிட்ட கேலரியின் ரசீதைத் தொட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வாங்காதீர்கள்.

ஓவியர் மறைந்த பிறகு வரும் பதிப்புகள் இன்னொரு வகை. ஸ்டார்ட் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரும், தெருப் பெயர்ப்பலகை எழுதுவோரின் எழுத்துருக்களைப் பாதுகாத்தவருமான ஹனீஃப் குரேஷி 2024-இல் காலமானார். இப்படியொரு செய்தி வந்த மறுநாளே, யார் மறைந்தாலும், அவர் பெயரில் பிரிண்ட் விற்கும் கூட்டம் முளைக்கும். உயிரோடு இருந்தபோது கையெழுத்திட்டதா, குடும்பத்தின் முத்திரையோடு பின்னர் அச்சிட்டதா என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டும் முறையானவைதான், விலை ஒன்றாக இருக்கக் கூடாது.

வாங்கும் வழி

முதல் பிரிண்ட்டை நேரடியாக ஓவியரிடம் வாங்குங்கள். நம் ஓவியர்களில் பலர் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அறிவித்து விற்கிறார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்கள். நேரம் இருந்தால் ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் அருகே கடீயில் லலித் கலா அகாதமி 1976 முதல் நடத்திவரும் கலைக்கூடங்களைப் பாருங்கள். அங்கே அச்சுக்கலைக்கென்றே பட்டறை உண்டு. மையின் வாசனை மூக்கில் ஏறியவர்கள் ஏமாறுவது குறைவு.

வெளிநாட்டுப் பிரிண்ட் என்றால் ஷெப்பர்ட் ஃபேரியில் தொடங்கலாம். 1989-இல் மல்யுத்த வீரர் ஆந்த்ரேயின் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டிப் பிரபலமானவர், 2008-இல் ஒபாமாவின் 'ஹோப்' போஸ்டரைச் செய்தவர். 18-க்கு 24 அங்குல ஸ்கிரீன் பிரிண்ட்டுகளைச் சில நூறு பிரதிகளாகக் கையெழுத்திட்டு, ஒப்பீட்டளவில் மலிவாகவே வெளியிடுகிறார். விற்பனை தொடங்கும்போது நமக்கு இரவு. தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல் இருந்தால் கிடைக்கும்.

ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கூரியர் கட்டணம், சுங்கவரி, ஜி.எஸ்.டி. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். அனுப்புபவர் பார்சலில் எழுதும் சுங்கக் குறியீடும் முக்கியம். அசல் அச்சோவியங்களுக்கு 9702, மற்ற அச்சிட்ட படங்களுக்கு 4911. கையால் இழுத்த எண்ணிட்ட பிரிண்ட் என்று விலைப்பட்டியலில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். வழியில் தொலைந்தால் குறைத்துப் போட்ட விலைக்குத்தான் இழப்பீடு.

பட்ஜெட் விஷயத்தில் அரசு விதியே எனக்கு வேலி போட்டது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, 18-ஆம் விதி: இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் அசையும் பொருள் வாங்கினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். "சுவர் கிறுக்கனின் படம் ஒன்று" என்று இணைச் செயலாளருக்குக் குறிப்பு எழுதும் துணிவு எனக்கு இல்லை. ஓய்வு பெற்றுவிட்ட பிறகும் அந்த வரம்பின் பக்கமே போவதில்லை.

அட்டைக் குழாயில் வந்த பிரிண்ட்டை அன்றே பிரிக்காதீர்கள். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி, உள்ளே ஏ.சி.; காகிதம் அறையோடு பழக ஒரு நாள் விடுங்கள். கத்தியைக் குழாய்க்குள் விடவே கூடாது. என் நான்கு ரசீதுகளில் இரண்டாவது அது: மூடியை நெம்பிய கத்தி நுனி உள்ளே போய், நீல வானத்தில் ஒரு வெட்டு. கைகழுவித் துடைத்துவிட்டு, இருவராகச் சேர்ந்து, பாய் விரிப்பதுபோல மெல்ல விரித்து, நான்கு மூலையிலும் சுத்தமான தாள் சுற்றிய புத்தகங்களை வையுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் மை வெடிக்கும்.

சட்டம் போடுவதும் கூலரும்

மூன்றாவது ரசீது ஒரு ஃபிரேம் கடைக்காரர் கைங்கரியம். "முழுக்க ஒட்டிவிட்டால் நெளியாது சார்" என்று பின்பக்கம் முழுவதும் வெள்ளைப் பசை தடவி பிளைவுட்டில் அமுக்கிவிட்டார். நெளியவில்லைதான். இரண்டே வருடத்தில் மரத்தின் அமிலம் ஏறி, மோரில் மஞ்சள் தட்டினாற்போல் ஆகிவிட்டது. பிரிக்க வழியில்லை.

சட்டம் போடுகிறவரிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். கண்ணாடி பிரிண்ட்டைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, தரும் இடைவெளி வேண்டும். அந்த போர்டும் பின்னட்டையும் அமிலமில்லாதவையாக இருக்க வேண்டும். விளிம்பை நறுக்கக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். செலோ டேப்பைக் கையில் எடுத்தாலே பிரிண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாப்பசை என்றதும், சினிமா போஸ்டருக்கு மைதா காய்ச்சி மயில்துத்தம் கலப்பார்களே, அதை நினைக்காதீர்கள். மயில்துத்தம் பூச்சியை விரட்டும், காகிதத்தையும் பதம் பார்க்கும். வெறும் ஸ்டார்ச், வெறும் தண்ணீர். காய்ந்த பிறகும் ஈரம் காட்டினால் உரிந்து வரும் என்பதுதான் அதன் அழகு.

வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டாலும் அது முழுக் கவசம் ஆகாது. காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்சம் 50 லக்ஸ். நம் வரவேற்பறை அதைவிடப் பல மடங்கு. தெரு ஓவியர்களுக்குப் பிடித்த ஒளிரும் இளஞ்சிவப்பும் பச்சையும் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுக்கும். அத்தகையவற்றை ஆறு மாதம் மாட்டி, ஆறு மாதம் இழுப்பறையில் வைக்கிறேன்.

நான்காவது ரசீதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜூன் மாதம், டெசர்ட் கூலர், நேர் எதிரே பிரிண்ட். தில்லிக்காரர்களுக்குத் தெரியும், கூலர் காற்று அரை வாளித் தண்ணீரோடு வரும். பதினைந்து நாளில் காகிதம் வெயிலில் காயவைத்த அப்பளம்போல் நெளிந்து, ஆகஸ்டில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. இப்போது அறையில் ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். ஐம்பது சதவீதத்தை ஒட்டி ஆடினால் நிம்மதி. மழைக்காலத்தில் எழுபதைத் தாண்டினால் ஏ.சி.யை ஈரம் உறிஞ்சும் நிலைக்கு மாற்றிவிடுவேன்.

மாட்டாதவற்றைப் படுக்கையாகவே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாள், செய்தித்தாள் ஆகாது. மூலையில் அந்துருண்டை போடும் வழக்கம் வேண்டாம், அதன் ஆவி மைக்கும் நமக்கும் நல்லதல்ல. ராமபாணப் பூச்சிக்கு மருந்து, இழுப்பறையை அடிக்கடி திறந்து துடைப்பதுதான்.

நான் அதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறேன். தில்லியில் மழை ஓய்ந்து காற்று காய்ந்திருக்கும் சமயத்தில் சரஸ்வதி பூஜை வருகிறது. அன்று காலை மயூர் விஹார் வீட்டில் மகளும் நானும் இருபத்தேழையும் ஒவ்வொன்றாக எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்து, பதிவேட்டில் டிக் போடுவோம். வாங்கிய நாள், யாரிடம், என்ன விலை, எண், அளவு, கையெழுத்தின் போட்டோ எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. பழைய அலுவலகப் பழக்கம். மாலையில் புத்தகங்களோடு இதையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பார். முதல் வருடம், கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நேராக 12/75-ஐ நோக்கி வந்தவரை ஓடிப்போய்த் தடுத்தேன். அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு: பிரிண்ட்டுகள் இழுப்பறைக்குள், காலிக் குழாய் ஒன்று பூஜையில். சந்தனமும் குங்குமமும் அந்தக் குழாய்க்கு.